சி.சி.என்.ஏ. பரீட்சையில் தவறியவர் மீண்டும் எழுதுவது எப்படி?

ஏறாவூருக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையில், வாவிக்கரையோடு இருக்கிறது தன்னாமுனை. அங்குள்ள எனது நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுவார்கள். தன்னாமுனைப் பிள்ளைகள் இருவர், ஏறாவூரிலிருந்து வருவோர் மூவர், சில கிழமைகளில் காத்தான்குடியிலிருந்து ஒருவர். அது கத்தோலிக்க வீடு. அசர் நேரம் வந்தால் உள் அறையில் பாய் விரித்துத் தருவார்கள். தொழுதுவிட்டு வந்து மீண்டும் வெள்ளைப் பலகைக்கு முன்னால் உட்காருவோம். படிப்பது கணினி வலையமைப்பு. இலக்கு சி.சி.என்.ஏ. சான்றிதழ்.

கடந்த வருடம் அந்தக் குழுவிலிருந்து ஒரு தம்பி கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினான். தவறிவிட்டான். அதை எங்களிடம் சொல்ல அவனுக்கு இரண்டு கிழமை பிடித்தது. வீட்டில் இன்னும் பிந்தித்தான் சொன்னான். காரணம், கட்டணத்துக்காக அவனுடைய உம்மா ஒரு சோடிக் காப்பை அடகு வைத்திருந்தார். "பெறுபேறு இன்னும் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டே நாட்களைக் கடத்தியிருக்கிறான். கா.பொ.த. பரீட்சையைப் போல மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, இதில் தேறியதும் தவறியதும் அன்றைக்கே தெரிந்துவிடும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவனைப் போன்றவர்களுக்காகவும், அவர்களுடைய வாப்பா உம்மாவுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நானும் முதல் தடவை தவறியவன்தான். அன்று கட்டாரில் வேலை. அறையில் கூட இருந்தவர்களிடம் "பரீட்சை பிற்போடப்பட்டுவிட்டது" என்று ஒரு பொய்யைச் சொன்னது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

பரீட்சை என்ன, எவ்வளவு?

சிஸ்கோ 1984இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனம். வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகளைச் செய்கிறது. 1993இல் சி.சி.ஐ.ஈ. என்ற உயர்மட்டச் சான்றிதழை ஆரம்பித்தது. எட்டு மணித்தியாலச் செய்முறைப் பரீட்சை அது. 1998இல் அதன் அடிப்படைப் படியாக சி.சி.என்.ஏ. வந்தது. வளைகுடா நாடுகளில் வலையமைப்பு வேலைக்கான விளம்பரங்களில் இந்த நான்கு எழுத்துகள் அடிக்கடி கேட்கப்படுவதால்தான் எமது பகுதி இளைஞர்களிடம் இதற்கு இவ்வளவு மவுசு.

இப்போதுள்ள பரீட்சையின் இலக்கம் 200-301. இது 2020 பெப்ரவரி 24ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இரண்டு பகுதியாகப் பிரித்து எழுதும் வழி இருந்தது. இப்போது ஒரே பரீட்சைதான். 2024 ஆகஸ்ட் 20இலிருந்து பாடத்திட்டத்தின் 1.1 பதிப்பு அமுலில் உள்ளது. செயற்கை நுண்ணறிவு, டெராபோர்ம் போன்றவை அதில் புதிதாகச் சேர்ந்தன. இலக்கம் மாறாததால் பலர் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை.

நேரம் 120 நிமிடம். வினாக்கள் நூறு அளவில் வரும் என்று எழுதியவர்கள் சொல்வார்கள். பல்தேர்வு வினாக்கள், இழுத்துப் பொருத்தும் வினாக்கள், உண்மையாகவே கட்டளை அடித்துச் செய்து காட்ட வேண்டிய லேப் வினாக்கள் எல்லாம் கலந்திருக்கும். ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. "தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைப் பிறகு பார்" என்று பாடசாலையில் எமக்குச் சொல்லித் தந்த புத்திமதி இங்கே செல்லாது. முதல் தடவை எழுதுபவர்களில் பலருக்கு இது பெரிய அதிர்ச்சி.

ஆறு பகுதிகள். வலையமைப்பின் அடிப்படைகள் 20 சதவீதம், சுவிட்ச், வீலான், வயர்லஸ் அடங்கிய பகுதி 20 சதவீதம், ரவுட்டிங் எனப்படும் ஐ.பி. இணைப்பு 25 சதவீதம், நெட், டி.எச்.சி.பி. போன்ற ஐ.பி. சேவைகள் 10 சதவீதம், பாதுகாப்பு 15 சதவீதம், தன்னியக்கமும் நிரலாக்கமும் 10 சதவீதம். புள்ளி 300இலிருந்து 1000 வரையான அளவுகோலில் கணக்கிடப்படும். எத்தனை எடுத்தால் சித்தி என்பதை சிஸ்கோ வெளியிடுவதில்லை. 825 என்று ஊரெல்லாம் பேசப்படும் இலக்கத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

காசும் காத்திருப்பும்

கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. 2022 மார்ச்சுக்கு முன்னர் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றபோது அது 60,000 ரூபாய். மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்ட பின் டொலர் 360ஐத் தொட்டது. அதே பரீட்சை 108,000 ரூபாய் ஆயிற்று. டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 90,000 ரூபாய். பரீட்சை மாறவில்லை, கேள்வி மாறவில்லை, எங்கள் ரூபாய்தான் மாறியது. ஒரு தடவை தவறுவது என்பது ஒரு குடும்பத்தின் ஓரிரண்டு மாதச் செலவு என்பதை மறந்து "விழுந்தால் எழும்பு, திரும்ப எழுது" என்று உபதேசம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

மீண்டும் எழுதுவதற்கான விதி எளிது. தவறிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணி ஐந்து நாட்கள் காத்திருக்க வேண்டும். அதன் பின் எப்போதும் எழுதலாம். ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டணமும் புதிதாகக் கட்ட வேண்டும். தவறியவர் என்ற அடையாளம் எந்தச் சான்றிதழிலும் வராது. இரண்டாம் தடவை சித்தியடைந்தவருக்கும் முதல் தடவை சித்தியடைந்தவருக்கும் கிடைப்பது ஒரே சான்றிதழ்தான். எத்தனையாவது தடவை என்பதை வேலை தருபவர் அதில் பார்க்க முடியாது.

ஐந்து நாள் என்பது சிஸ்கோவின் விதி. அது உங்களுக்கான கால அட்டவணை அல்ல. ஆறாம் நாளே ரோஷத்தில் பணம் கட்டி மறுபடியும் விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆறு மாதம் தள்ளிப்போட்டு, படித்ததெல்லாம் கரைந்துபோய், முதலாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். என் அனுபவத்தில் நாலு தொடக்கம் ஆறு கிழமை பொருத்தமானது. ஞாபகம் சூடாக இருக்கும், ஓட்டைகளை அடைக்கவும் அவகாசம் இருக்கும்.

சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமி 1997இலிருந்து உலகெங்கும் நடக்கிறது. அதன் சி.சி.என்.ஏ. பாடநெறி மூன்று பகுதிகளைக் கொண்டது. மூன்றையும் ஒரு பயிற்சி நிலையத்தின் ஊடாக முடித்து, இறுதிப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுப்பவர்களுக்குச் சான்றிதழ்ப் பரீட்சைக் கட்டணத்தில் கணிசமான கழிவு கிடைக்கும். வகுப்பில் சேரும்போதே "இந்தக் கழிவு வவுச்சர் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கேட்காததால் இழந்தவர்கள் அதிகம்.

அந்த ஒற்றைத் தாள்

தவறியதும் ஒரு பெறுபேற்று அறிக்கை கிடைக்கும். ஆறு பகுதிகளிலும் நீங்கள் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்று அதில் இருக்கும். எங்கள் தம்பி அதைக் கசக்கிப் புத்தகப் பைக்குள் போட்டு வைத்திருந்தான். பார்க்கவே பிடிக்கவில்லை என்றான். 90,000 ரூபாய் கொடுத்து வாங்கிய தாள் அது என்று சொல்லி விரித்து வைத்தேன்.

அதை வாசிக்க ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் மிகக் குறைந்த சதவீதம் எதுவோ அதில் போய் விழுவார்கள். அவனுக்குத் தன்னியக்கத்தில் 30, ரவுட்டிங்கில் 40. உடனே தன்னியக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தான். கணக்கைப் பாருங்கள். தன்னியக்கம் மொத்தத்தில் 10 சதவீதம். 30ஐ 80 ஆக்கினாலும் மொத்தத்துக்கு 5 புள்ளிதான் சேரும். ரவுட்டிங் 25 சதவீதம். 40ஐ 80 ஆக்கினால் 10 புள்ளி. உண்மையான புள்ளியிடல் இவ்வளவு நேர்கோட்டில் இருக்காது என்றாலும், நேரத்தை எங்கே போடுவது என்பதை இது சொல்லும். அத்தோடு ரவுட்டிங் விளங்கினால் நெட்டும் ஏ.சி.எல்.லும் பாதி விளங்கிவிடும்.

இன்னொரு வேலை, பரீட்சை முடிந்த கையோடு செய்ய வேண்டியது. வெளியே வந்து ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, எந்தெந்தத் தலைப்புகளில் தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். வினாவை எழுத வேண்டாம். அதை வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தத்தில் சம்மதித்துத்தான் பரீட்சையைத் தொடங்கியிருப்பீர்கள். "ஓ.எஸ்.பி.எஃப். அயலவர் ஏன் வரவில்லை என்பது தெரியவில்லை", "ஐ.பி.வி.6 முகவரி வகைகள் குழம்பின" என்று உங்களுக்கு மட்டும் விளங்கும் ஒரு பட்டியல் போதும். ரயிலில் ஏறி ஏறாவூர் ஸ்டேசனில் இறங்குவதற்குள் அதில் பாதி மறந்துவிடும்.

எமது பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

முதலாவது ஆங்கிலம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் கணிதமும் தொழில்நுட்பமும் நன்றாகச் செய்த பிள்ளை, பாடம் தெரிந்திருந்தும் வினா விளங்காமல் விழுகிறான். தமிழிலோ சிங்களத்திலோ இந்தப் பரீட்சை இல்லை. தொழில்நுட்பச் சொற்கள் தடையல்ல. ரவுட்டர், சுவிட்ச் எல்லாருக்கும் தெரியும். தடை அவற்றுக்கு நடுவில் நிற்கும் சாதாரணச் சொற்கள். "இம்ப்ளிசிட்" என்றால் வெளிப்படையாக எழுதப்படாமலே உள்ளே இருப்பது. ஏ.சி.எல். பட்டியலின் கடைசியில் யாரும் எழுதாமலே "எல்லாவற்றையும் மறு" என்ற வரி இருப்பதை அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள். "மிட்டிகேட்" என்றால் ஆபத்தைக் குறைப்பது. "எட்ஜேசென்ட்" என்றால் பக்கத்தில் நேரடியாக இணைந்தது. இப்படி ஒரு நூறு, நூற்றைம்பது சொற்களைக் கொப்பியில் எழுதித் தமிழில் பொருள் போட்டுக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

"இரண்டைத் தெரிவு செய்க", "எது அல்ல", "முதலில் செய்ய வேண்டியது எது" என்று வினாவின் கடைசி வரியில் ஒளிந்திருக்கும் சொற்கள் இன்னொரு பொறி. நாங்கள் விறாந்தையில் செய்யும் பயிற்சி இது: நீண்ட வினா வந்தால் கடைசி வரியை முதலில் வாசிப்பது, பிறகு படத்தைப் பார்ப்பது, பிறகு மேலே வாசிப்பது. என்ன தேடுகிறோம் என்று தெரிந்து வாசிக்கும்போது நேரம் மிஞ்சுகிறது.

இரண்டாவது சப்நெட் கணக்கு. 192.168.10.77 என்ற முகவரி, /26 என்ற மாஸ்க். /26 என்றால் 64 முகவரி கொண்ட கட்டுகள்: 0, 64, 128, 192. 77 விழுவது 64இல் தொடங்கும் கட்டில். ஆகவே வலையமைப்பு முகவரி 64, புரோட்காஸ்ட் 127, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 தொடக்கம் 126 வரை, 62 முகவரி. இதைப் பெரும்பாலானோர் செய்துவிடுவார்கள். இப்போது 10.20.45.7, /22 என்று கேட்டால் கை நின்றுவிடும். முறை அதேதான், கட்டு மூன்றாம் எண்ணில் வருகிறது, அவ்வளவுதான். மாஸ்க் 255.255.252.0, ஆகவே கட்டின் அளவு 4. 45 விழுவது 44 தொடக்கம் 47 வரையான கட்டில். வலையமைப்பு 10.20.44.0, புரோட்காஸ்ட் 10.20.47.255, பயன்படுத்தக்கூடியது 1022 முகவரி. இதைப் பைனரியில் எழுதி எழுதிச் செய்தால் மூன்று நிமிடம் போகும். கட்டு முறையில் முப்பது செக்கன். ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பின் பத்துக் கணக்கு, ஒரு மாதம். வேறு வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, ரவுட்டர் எந்தப் பாதையைத் தெரிவு செய்யும் என்ற விஷயம். எங்கள் தம்பி விழுந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் ஒரு அட்டவணையை மனனம் செய்திருப்பார்கள்: நேரடி இணைப்பு 0, ஸ்டடிக் 1, ஈ.ஐ.ஜி.ஆர்.பி. 90, ஓ.எஸ்.பி.எஃப். 110, ரிப் 120. குறைந்த எண் வெல்லும். சரி. இப்போது ஒரு ரவுட்டரில் 10.1.0.0/16 ஓ.எஸ்.பி.எஃப். மூலம் வந்திருக்கிறது, 10.1.1.0/24 ரிப் மூலம் வந்திருக்கிறது. 10.1.1.5க்குப் போகும் பொதி எந்த வழியில் போகும்? பத்தில் ஏழு பேர் ஓ.எஸ்.பி.எஃப். என்பார்கள், 110 என்பது 120ஐ விடக் குறைவாயிற்றே என்று. பிழை. ரிப் வழியாகத்தான் போகும்.

ஏன்? கடிதம் பட்டுவாடா செய்பவரிடம் இரண்டு குறிப்பு இருப்பதாக வையுங்கள். ஒன்று "ஏறாவூர்க் கடிதமெல்லாம் இந்தப் பைக்குள்". மற்றது "ஏறாவூரில் இன்ன குறுக்கு வீதிக் கடிதம் அந்தப் பைக்குள்". அந்தக் குறுக்கு வீதிக்கு ஒரு கடிதம் வந்தால் அவர் இரண்டாவது குறிப்பைத்தான் பார்ப்பார். முதல் குறிப்பைத் தந்தவர் பெரிய அதிகாரி என்பதால் அது மாறாது. ரவுட்டரும் அப்படித்தான். மிகத் துல்லியமாகப் பொருந்தும் பாதை, அதாவது நீளமான மாஸ்க் உள்ள பாதை, முதலில் வெல்லும். ஒரே வலையமைப்புக்கு, ஒரே மாஸ்க்குடன், இரண்டு வழியில் செய்தி வந்தால்தான் 110ஆ 120ஆ என்ற கேள்வியே எழும். இந்த ஒன்றை விளங்கியவருக்கு ரவுட்டிங் பகுதி முழுவதும் திறந்துகொள்ளும்.

நான்காவது லேப். காணொளி பார்ப்பது படிப்பு என்று நினைப்பது எமது காலத்து வியாதி. ஒருவர் ஓ.எஸ்.பி.எஃப். அமைப்பதை ஐந்து தடவை பார்த்தவருக்குத் தானும் செய்துவிடலாம் என்று தோன்றும். வெறும் திரைக்கு முன் உட்கார வைத்தால் விரல் அசையாது. பெக்கெட் டிரேசர் என்ற சிஸ்கோவின் மென்பொருள் இலவசம். நெட்வேர்க்கிங் அகடமியில் பதிவு செய்தால் போதும், பழைய லெப்டொப்பிலும் ஓடும். நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, செய்வதை விட உடைப்பதைப் பழகுங்கள் என்று. இரண்டு ரவுட்டரை ஓ.எஸ்.பி.எஃப். மூலம் இணைத்துவிட்டு, ஒன்றில் ஹலோ நேரத்தை மாற்றிப் பாருங்கள். அயல் உறவு அறுந்துவிடும். ஏரியா இலக்கத்தை மாற்றுங்கள், அறுந்துவிடும். இருபுறமும் ஒரே ரவுட்டர் அடையாள எண்ணைக் கொடுங்கள். ஈதர்சனலில் இரண்டு பக்கத்தையும் "பசிவ்" என்று வையுங்கள். இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பார்கள், இணைப்பு வராது. ஒரு பக்கமாவது "எக்டிவ்" ஆக இருக்க வேண்டும். இப்படி உடைத்துப் பார்த்தவருக்குப் பரீட்சையில் உடைந்த வலையமைப்பின் படத்தைக் காட்டினால் பழைய நண்பரைக் கண்டது போல இருக்கும்.

லேப் வினாவில் சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமியுங்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு அந்தக் கடைசிக் கட்டளையை மறப்பவர்கள் இருக்கிறார்கள்.

டம்ப்ஸ்

இதைச் சொல்லாமல் போக முடியாது. பரீட்சை வினாக்களைத் திருடித் தொகுத்து விற்பதற்குத்தான் டம்ப்ஸ் என்று பெயர். வட்ஸ்அப் குழுக்களில் இலவசமாகவும் சுற்றுகிறது. ஒரு தடவை தவறியவர் முதலில் நாடுவது இதைத்தான். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது வழமையான நியாயம்.

சிஸ்கோவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒப்பந்த மீறல். பிடிபட்டால் பெறுபேறு இரத்தாகும், எதிர்காலத்தில் எழுதத் தடை வரும். எமது பக்கத்திலிருந்து பார்த்தால், கையெழுத்துப் போட்டு ஏற்ற ஓர் அமானிதத்தை மீறிப் பெற்ற சான்றிதழைக் காட்டிச் சம்பளம் வாங்குவது. அந்த வருமானம் பற்றிய கேள்வியை உலமாக்களிடம் விடுகிறேன். நடைமுறையில் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். டோஹாவில் ஒரு நேர்முகத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழ் வைத்திருந்த ஓர் இளைஞரிடம் ஒரு சுவிட்சைக் கொடுத்து இரண்டு வீலான் அமைக்கச் சொன்னார்கள். கேபிளை எங்கே குத்துவது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் எமது நாட்டவர். அவருக்குப் பின்னால் வரிசையில் இருந்த இலங்கையர் இருவரையும் அந்த நிறுவனம் கூப்பிடவேயில்லை.

சில டம்ப்ஸ்களில் விடைகளே பிழை என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 10.1.1.5 வினாவைப் போன்ற ஒன்றுக்கு ஓ.எஸ்.பி.எஃப். என்று விடை போட்டிருந்த தாளை இந்தத் தம்பியே கொண்டுவந்து காட்டினான்.

புத்தகமும் இணையமும்

வென்டல் ஓடம் எழுதிய இரண்டு பாகப் புத்தகம் சிஸ்கோவின் வெளியீட்டகத்தால் வெளியிடப்பட்டது. பெரிய புத்தகம், விலையும் பெரிது, ஆனால் விட்டுப்போனது என்று ஒன்றும் இருக்காது. யூடியூபில் ஜெரமிஸ் ஐ.டி. லேப் என்ற பெயரில் முழுப் பாடத்திட்டமும் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் லேப் பயிற்சி உண்டு. ஆங்கிலம் நிதானமானது, எமது பிள்ளைகளுக்கு விளங்கும். இரண்டாம் தடவை எழுதுபவர் எல்லாக் காணொளிகளையும் மறுபடி பார்க்கத் தேவையில்லை. அறிக்கையில் விழுந்த பகுதிக்குரியவை போதும்.

வெளிநாட்டிலிருந்து வந்த நானாவோ மச்சானோ கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் கவனியுங்கள். 640-802 என்ற இலக்கம் போட்ட புத்தகம் 2007 முதல் 2013 வரையான பரீட்சைக்குரியது. அதிலுள்ள ஃபிரேம் ரிலே அத்தியாயத்தைப் படிப்பது இன்று வீண். சப்நெட் அத்தியாயம் மட்டும் என்றைக்கும் பழசாகாது.

கணினி பற்றிய அடிப்படையே இல்லாதவருக்கு சி.சி.என்.ஏ. முதல் படி அல்ல என்பது என் அபிப்பிராயம். சிஸ்கோவிலேயே சி.சி.எஸ்.டி. என்ற, கட்டணம் குறைந்த, எளிதான ஆரம்பப் பரீட்சை இருக்கிறது. சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளையை ஏஜென்சிக்காரர் சொன்னார் என்று நேராக 300 டொலர் பரீட்சைக்கு அனுப்புவது பாவம்.

பரீட்சை நாள்

பரீட்சையை நடத்துவது பியர்சன் வியூ. நிலையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்து வெப்கேம் மூலமும் எழுதலாம். வீட்டில் எழுதுவது பயணச் செலவை மிச்சப்படுத்தும். ஆனால் அறைக்குள் வேறு எவரும் வரக்கூடாது, மேசையில் ஒன்றும் இருக்கக்கூடாது, வாய்விட்டு வாசிக்கக்கூடாது, தாளும் பேனையும் கிடையாது. திரையில் உள்ள பலகையில் மவுஸால்தான் கணக்குப் போட வேண்டும். எமது வீடுகளில் இரண்டு மணித்தியாலம் ஒரு கதவு தட்டப்படாமல் இருக்குமா என்று யோசியுங்கள். மின்சாரமும் இணையமும் போனால் யார் பொறுப்பு? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. என்னைக் கேட்டால் நிலையத்துக்கே போங்கள். அங்கே எழுதி அழிக்கும் பலகையும் பேனையும் தருவார்கள்; சப்நெட் கணக்குக்கு அது பெரிய உதவி.

எங்கள் தம்பி செய்த பிழை, இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே போய், கோட்டையில் முகம் கழுவிவிட்டுக் காலைப் பரீட்சைக்குப் போனது. கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாத குடும்பம் எமது பகுதியில் குறைவு. ஒரு நாள் முந்திப் போய்த் தூங்கி எழும்புங்கள். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள். நோன்பு காலத்தில் எழுத நேர்ந்தால் காலை நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். திகதியை மாற்ற வேண்டுமானால் 24 மணித்தியாலத்துக்கு முன்னரே மாற்றிவிட வேண்டும். பிந்தினால் கட்டணம் போய்விடும்.

இனி எமது சமூகத்துக்கென்றே உள்ள ஒரு சிக்கல், பெயர். பதிவு செய்யும் பெயரும் அடையாள ஆவணத்திலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாங்கள் பத்து விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒன்று, பாடசாலைச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. வாப்பாவின் பெயர் முதலில் வருமா, பின்னால் வருமா என்பதிலும் குழப்பம். பழைய தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயரே இல்லை. கடவுச்சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். அதே கடவுச்சீட்டைப் பரீட்சைக்கும் கொண்டு போங்கள். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டணம் திரும்பி வராது.

வீட்டாருக்கு

தவறிய பிள்ளையை விட, தவறியதை மறைக்கும் பிள்ளைக்கே நான் அதிகம் பயப்படுகிறேன். மறைப்பவன் உதவி கேட்கமாட்டான். தனியே டம்ப்ஸ் தேடுவான், அல்லது கடன் வாங்கி அவசரமாக மறுபடி எழுதுவான். இந்தத் தம்பியின் உம்மாவிடம் கடைசியில் விஷயம் தெரிந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த தடவைக்கு எவ்வளவு வேணும் மகன்?" அதற்குப் பிறகுதான் அவன் அந்தக் கசங்கிய தாளை எடுத்து வந்தான். அவன் ஏறாவூரில் ஒரு கடையில் பகுதி நேரம் நின்று இரண்டாம் தடவைக்கான காசில் பாதியைத் தானே சேர்த்தான். மீதியைத் தன்னாமுனை நண்பர் கைமாற்றாகக் கொடுத்தார்.

ஐந்து கிழமை படித்தான். சித்தியடைந்தான். காப்பு இன்னும் முழுதாக மீளவில்லை, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நகரில் ஒரு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறான், சம்பளம் கொஞ்சம்தான்.

சான்றிதழ் செல்லுபடியாவது மூன்று வருடத்துக்கு. அது முடிவதற்குள் மீண்டும் பரீட்சை எழுதலாம், அல்லது சிஸ்கோ அங்கீகரித்த தொடர் பயிற்சிகள் மூலம் 30 புள்ளி சேர்த்தும் புதுப்பிக்கலாம். அந்தப் பயிற்சிகளில் சில இலவசமாகவும் வருவதுண்டு. காலாவதியானால் முதலிலிருந்து 300 டொலர். முடிவுத் திகதியை இப்போதே வீட்டுக் கலண்டரில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.